லூட்விகாவின் தோளில் ஒரு கை

ஆல்டர்பிரிட்ஜ், யார்க்‌ஷயர்
14 செப்டம்பர் 1991

அன்புள்ள லூட்விகா அக்காவுக்கு,

இங்கே பள்ளிக்கூடக் கூரையைத் தவிர எல்லோரும் சுகம். வின்னிபெக்கில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணும் மங்கல்தான். ஜனவரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக நீ ரொம்பக் கவலைப்படாதே. நான் வாங்கிவரும் முட்டைக்கோஸில் புழு இருந்தால் அந்தக் கண்ணுக்கு இன்னும் தெரிகிறது.

எழுத வந்த விஷயம் வேறு. பிள்ளைகள் தாய்மொழியை மறக்காமலிருக்க நம்மவர்கள் இங்கே தொடங்கிய சனிக்கிழமைப் பள்ளிக்கு நாற்பது வயதாகிறது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று கமிட்டியில் முடிவானது. யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் ஒருத்தி மட்டும் தலைவரைப் பார்த்துத் தொலைத்தேன். வேலை என் தலையில் விழுந்தது. டிசம்பர் பதினைந்துக்குள் அச்சகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி பள்ளி விழாவில் பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்க வேண்டும்.

நாற்பது வருஷம், நாற்பது பக்கம், இதில் என்ன கஷ்டம் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன் அக்கா.

அம்மாவின் அலமாரிக்கு மேலே பழைய பதிவேடுகளும் தீர்மானப் புத்தகங்களும் இருந்த பெட்டியை இறக்கினேன். முதல் வருகைப் பதிவேடு 1951 அக்டோபர் 13-ல் தொடங்குகிறது. பதினொரு பிள்ளைகள். மூன்றாவது பெயர் உன்னுடையது. சரி, பள்ளி அக்டோபரில் தொடங்கியிருக்க, நாம் ஏன் வருஷா வருஷம் பிப்ரவரியில் பனியில் வழுக்கி விழுந்து தொடக்க நாள் கொண்டாடுகிறோம்? கேட்டுப் பார்த்தேன். கொடி வந்த நாள் என்கிறார் ஒருவர். பிஷப் வந்த நாள் என்கிறார் இன்னொருவர். எந்த பிஷப் என்றால் அவருக்குத் தெரியவில்லை. பங்குத்தந்தையைக் கேட்டால் வழக்கமான ஜோக்கைச் சொல்கிறார். அன்றைக்குப் பல்வலிக்கு வேண்டிக்கொள்ளும் புனிதை அப்போலோனியாவின் நாள், பூசை முடிந்ததும் பிள்ளைகள் ஆளுக்கு ஆறு டோநட் தின்னப்போவதால் முன்கூட்டியே வேண்டிக்கொள்வது நல்லது என்பாரே, அதேதான். அவருக்கு முன்னால் இருந்தவரும் இதையேதான் சொன்னார். முப்பத்து நான்கு வருஷமாகக் கேட்கிறேன், பாதி வருஷம் சிரித்தும் இருக்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புக் காகிதத் துண்டு ஒட்டியிருக்கிறது. அதன்மேல் ஸெனோன் ஐயாவின் பெயர். நடு ஹாலில் படமாகத் தொங்குகிறாரே, முதல் ஆசிரியர் என்று. ஆனால் முதல் ஆறு வருஷப் பதிவேடுகளில் இருப்பது அவர் கையெழுத்தே இல்லை. அவரிடம் நான் படித்தவள், அவர் எழுத்து எனக்குத் தெரியாதா? இது குட்டி குட்டியாக, உருண்டையாக, பக்கத்துக்குப் பக்கம் ஒரே அழகாக இருக்கிறது.

கடைசியாக ஒரு படம். போர்க்காலத்தில் ஜன்னலை மூடிய இருட்டடிப்புத் திரையில் நீல நூலால் ஆறுகள் தைத்த அந்த வரைபடத்துக்கு முன்னால் முதல் வகுப்புப் பிள்ளைகள் நிற்கிறீர்கள். வலது ஓரத்தில் நீ. அதற்கப்புறம் படத்தைக் கத்தரித்திருக்கிறார்கள். உன் தோளில் ஒரு கை இருக்கிறது அக்கா. பெண்ணின் கை. அந்தக் கைக்கு ஆள் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். பூனை கிழித்திருக்கும் என்றாள். பூனை எப்போதிலிருந்து கத்தரிக்கோல் பிடிக்கிறது என்று கேட்டேன். அடுப்படிக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் அங்கிருந்தபடியே ஒரு கட்டளை, அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம்.

உனக்கு அப்போது எட்டு வயது. அது யார் கை? உடனே எழுது. இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்புத் தங்கை,
போக்னா


ஆல்டர்பிரிட்ஜ்
26 அக்டோபர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்திலேயே பிரித்துப் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டு மூன்று நிறுத்தம் தள்ளிப்போய் மழையில் நடந்து வந்தேன். சளி பிடித்திருக்கிறது. அதற்கு நீதான் பொறுப்பு.

போலா டீச்சர். நாற்பத்தொரு வயதில் இந்தப் பெயரை முதல் முறையாகக் கேட்கிறேன். பகலெல்லாம் கம்பளி ஆலையில் நின்றுவிட்டு, சனிக்கிழமை கோவில் நிலவறையில் உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள் என்கிறாய். பாடப் புத்தகம் கிடையாது, ஞாபகத்திலிருந்தே ஒரு பாடப் புத்தகம் எழுதினாள், ஆலையிலிருந்து கொண்டுவந்த நூல் சுற்றும் அட்டைக் கூம்புகளை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்கிறாய். அந்தத் திரையில் ஆறுகளைத் தைத்தவளும் அவள்தானாம். நாங்களோ அதை மாதர் சங்கத்துக் கைவேலை என்று இன்ஸ்பெக்டருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தோம். அம்மாவும் அவளும் போர்க்காலத்தில் நாடுகடத்தப்பட்டுக் கிடந்த கசகஸ்தானிலிருந்து டெஹ்ரான் வரை ஒரே கம்பளியில் படுத்து வந்தவர்கள், டெஹ்ரானில் நீ பிறந்தபோது உன்னை முதலில் தூக்கியதே அவள்தான் என்பதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. அவளைப் பற்றிப் பேசக்கூடாது என்று பதினான்கு வயதில் அம்மா சொன்னாள், பேசாமலிருந்து பழகிப்போய்க் கடைசியில் மறந்தே போச்சு என்று எழுதியிருக்கிறாய். உன்னைத் திட்ட மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா ஜெபமாலைக்குப் போனதும் கெண்டியை அடுப்பில் வைத்தேன். பதிவேட்டை ஆவியில் காட்டினேன். காகிதத் துண்டு முனகாமல் கழன்று வந்தது. அடியில் அந்த உருண்டை எழுத்தில் முழுப் பெயர் இருந்தது. அப்போலோனியா ருத்னிக்.

போலா என்றால் அப்போலோனியா. தலையில் அடித்துக்கொண்டேன் அக்கா. நமக்குப் பிறந்தநாளா பெரிது? நம் பெயர் கொண்ட புனிதரின் நாளான பெயர்த் திருநாள்தானே. (உன் பிள்ளைகள் அங்கே பிறந்தநாள் கேக்கோடு நிறுத்திக்கொள்கிறார்களாம், அம்மா கேட்டு நொந்துபோனாள்.) நம் வீட்டு அடுப்படிச் சுவரில் தினம் கிழிக்கும் காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு யார் யாருக்குப் பெயர்த் திருநாள் என்று போட்டிருக்கிறது. பிப்ரவரி ஒன்பது, அப்போலோனியா. பங்குத்தந்தை வருஷா வருஷம் மைக்கில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் நாமெல்லாம் எழுந்து நின்று, பெயர்த் திருநாள்காரர்களுக்குப் பாடும் நூறாண்டு வாழ்த்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடியிருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு எதற்கு அந்தப் பாட்டு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிறகு தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். 1957 மார்ச் 16. ஆசிரியை ருத்னிக் தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டதால் அவர் பெயர் இனி பள்ளியின் எந்தப் பதிவிலும் இடம்பெறக் கூடாது. முன்மொழிந்தவர் தியோஃபில் ஐயா. அன்றைக்குத் திரும்பிப் போவது என்றால் அங்கே இருந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்குத் தலையாட்டியது போலத்தான். அடுத்தது 1958 ஜனவரி. பள்ளி தொடங்கிய நாளாகப் பிப்ரவரி 9-ஐக் கொள்வது. ஆதாரம்: உறுப்பினர்களின் நினைவு. முன்மொழிந்தவர் திருமதி ஸ்டெஃபானியா ஸரெம்பா. ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு தீர்மானமும் ஒரே கையெழுத்து. அதே ஸ்டெஃபானியாவின், அன்றைக்குக் கமிட்டிச் செயலாளராக இருந்த நம் அம்மாவின் கையெழுத்து.

அம்மா வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேஜைமேல் பதிவேட்டைப் பார்த்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து, அந்தப் பெயரை விரலால் தடவினாள்.

“மைய ஊத்தி அழின்னுதான் சொன்னாங்க. நான்தான் பேப்பர் ஒட்டுறேன்னேன். மாவுப் பசைல ஒட்டினேன்டி. ஆவி பட்டா வந்துரும்னு எனக்குத் தெரியாதா?”

பிப்ரவரி ஒன்பதைப் பற்றிக் கேட்டதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கமிட்டியில் இருந்த ஏழு ஆண்பிள்ளைகளும் மேஜையைச் சுற்றி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். இவள் தேதியைச் சொன்னாளாம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லையாம், கையைத் தூக்கிவிட்டார்களாம். அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவியதில் அம்மாவுக்கு இன்றைக்கும் அவ்வளவு பெருமை. அதனால்தானோ என்னவோ, டோநட்டில் ரோஜா ஜாம்தான் வேண்டும் என்று வருஷா வருஷம் அடம்பிடிக்கிறாள். போலாவுக்கு அதுதான் பிடிக்குமாம்.

அப்படியானால் புத்தகத்தில் அவள் பெயரைப் போடுகிறேன் என்றேன். முகம் மாறிவிட்டது. கூடவே கூடாது, தியோஃபில் உயிரோடு இருக்கும்வரை கூடாது, அந்த மனுஷர் விழாவிலிருந்து எழுந்து போய்விடுவார், பள்ளி இரண்டாகும் என்கிறாள். இருபத்தொரு பிள்ளைகள் இருக்கும் பள்ளி இரண்டானால் மிச்சம் என்ன என்கிறாள்.

ஆனால் எனக்கு அது முழுக்காரணமாகப் படவில்லை. செத்துப்போனாள் என்று பூசை வைத்த தன் அம்மா கண் தெரியாமல் உயிரோடு இருக்கிறாள் என்று செஞ்சிலுவைக்காரர்கள் எழுதியதால்தான் போலா போயிருக்கிறாள். ஆட்சிக்காகப் போகவில்லை. நம் அம்மாவுக்கு இது தெரியும். அங்கே போன பிறகு போலா நம் அம்மாவுக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறாள். இரண்டுக்கும் அம்மா பதில் போடவில்லை. கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு அங்கிருந்து கடிதம் வருகிறது என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். இப்போது புத்தகம் வந்து, அது போலா கைக்குப் போய், ஒட்டியது யார் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? அம்மாவுக்குத் தியோஃபில் ஐயாவிடம் பயமில்லை அக்கா. போலாவிடம்தான் பயம்.

முதல் பக்கத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மாவை மீறவும் தைரியமில்லை. நீ என்ன சொல்கிறாய்?

போக்னா


ஆல்டர்பிரிட்ஜ்
30 நவம்பர் 1991

அன்புள்ள அக்காவுக்கு,

பூனைக்கு மணி கட்டப் போனேன். நடந்ததைக் கேள்.

அம்மாவிடம் சொல்லாமல் தியோஃபில் ஐயா வீட்டுக்குப் போனேன். எண்பத்து நான்கு வயதாகிறது அவருக்கு. ஆனாலும் புறாக்கூண்டுக்கு ஏணி வைத்து ஏறுகிறார். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஆள் மேலே இருக்கும்போதே சொல்லிவிடுவது எனக்கும் வசதியாக இருந்தது. பதிவேட்டைப் பிரித்ததையும் பெயரைக் கண்டதையும் சொன்னேன். அம்மா தந்திரமாகத் தேதி வைத்ததை மட்டும் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன், அதுவும் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் ஒரு புறாவை இறக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். என்னை உட்காரச் சொன்னார்.

“உங்கம்மா எங்களை ஏமாத்திட்டதா நெனச்சிட்டிருக்காளா? ஏன்ம்மா, எங்க வீட்டுச் சுவத்துல காலண்டர் இல்லையா? அவ தேதியச் சொன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. முதல்ல கையத் தூக்கினதே நான்தான். ஏழு பேரும் தூக்கினோம். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கல.”

அவர்தானே பெயரை எடுக்கச் சொன்னவர் என்று கேட்டேன். ஆமாம், அன்றைக்கு அப்படித்தான் பேச வேண்டியிருந்தது, கோபமும் இருந்தது, தனக்குத் திரும்பிப் போக ஊரே மிச்சமில்லாதபோது அவள் மட்டும் போகிறாளே என்ற கோபம் என்றார். தன் பிள்ளைகள் இரண்டுக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவளைத் தானே அழித்ததாகச் சொல்லும்போது புறாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறு வருஷம் அம்மா அந்தத் தேதியைச் சொன்னபோது, யாரோ தன் தோள்மேல் இருந்ததை இறக்கிவைத்தது போல் இருந்ததாம். மற்ற ஆறு பேருக்கும் தெரியுமா என்று கேட்டதில்லையாம். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தே ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பிப்ரவரி ஒன்பதானால் ஹாலில் எழுந்து நின்று தொண்டை கிழிய வாழ்த்துப் பாடுவார்களே அந்தக் கிழவர்கள், நாமெல்லாம் கேலி செய்வோமே, ஞாபகம் இருக்கிறதா?

பெயரைப் போடு என்று சொல்லிவிட்டார். தன் தீர்மானத்தையும் போடச் சொன்னார், ஒளிக்க வேண்டாமாம். கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பழைய பார்சல் சீட்டை எடுத்துவந்து கொடுத்தார். தாய்நாட்டில் ஓப்போலே நகரத்துப் பக்கத்தில் ஒரு கிராமத்து முகவரி. எப்படித் தெரியும் என்றேன். செஞ்சிலுவைக்காரர்களிடம் முகவரி வாங்கி, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குக் காபித்தூள் அனுப்புகிறாராம், அனுப்புநர் பெயர் போடாமல், தபால்பெட்டி எண் மட்டும் போட்டு. போன வருஷப் பார்சல் திரும்பி வரவில்லை, அதனால் ஆள் இருப்பாள் என்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் வந்ததே பார்க்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“முப்பத்து மூணு வருசமா நான் ஒருத்தியே சுமந்திட்டிருக்கேன்னு நெனச்சேன்டி. எட்டுப் பேரும் ஒரே மேஜைல உக்காந்துட்டு ஒருத்தராவது வாயத் திறந்திருந்தா, நான் அவளுக்கு ஒரு பதில் போட்டிருப்பேனே.”

அப்புறம் அழுதாள். நான் அவளை அழவிட்டேன். நானும் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அரை மணி நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, பேனாவும் காகிதமும் கொண்டு வா என்றாள். கொண்டுவந்தேன். மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகத் தினமும் உட்கார்கிறாள். ஒரு எழுத்து விழவில்லை. நீ எழுதடி, எனக்குக் கண் தெரியவில்லை என்கிறாள் இப்போது. முட்டைக்கோஸ் புழு தெரிகிற கண்.

அதனால் நான்தான் எழுதப்போகிறேன். எனக்காக வேண்டிக்கொள்.

போக்னா


ஆல்டர்பிரிட்ஜ்
7 டிசம்பர் 1991

பெருமதிப்பிற்குரிய அப்போலோனியா ருத்னிக் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஊரைவிட்டுப் போகும்போது எனக்கு ஆறு வயது. நான் ஸ்டெஃபானியா ஸரெம்பாவின் இளைய மகள் போக்னா. நீங்கள் டெஹ்ரானில் தூக்கிய லூட்விகா என் அக்கா. இப்போது கனடாவில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். நீங்கள் எழுதிய பாடப் புத்தகத்தைப் பார்த்து அவள் எழுதிய நோட்டை இந்த வாரம்தான் எனக்கு அனுப்பிவைத்தாள்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். பெயர் போடாமல் வரும் காபித்தூள் யாருடையது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். தியோஃபில் ஐயாவுடையது. உங்களிடம் சொல்லிவிடச் சொன்னதும் அவர்தான்.

நீங்கள் தொடங்கிய பள்ளி இன்னும் நடக்கிறது. நிலவறையில் இல்லை, மேலே ஹாலில். கூரை ஒழுகுகிறது. உங்கள் திரை அங்கேதான் தொங்குகிறது, ஓடர் ஆறு மட்டும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. இருபத்தொரு பிள்ளைகள். அவர்களில் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது. எனக்கே அக்டோபரில்தான் தெரியவந்தது. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். எப்படி இது நடந்தது என்பதை நாற்பதாண்டு வரலாற்றின் முதல் பக்கத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.

ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1958-லிருந்து ஒவ்வொரு பிப்ரவரி ஒன்பதாம் தேதியும் இந்த ஊரில் பூசை வைத்து, ரோஜா ஜாம் டோநட் கொடுத்து, எல்லோரும் எழுந்து நின்று நூறாண்டு வாழ்த்துப் பாடியிருக்கிறோம். யாருக்குப் பாடுகிறோம் என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. தெரிந்தவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள், அவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

வரும் பிப்ரவரி ஒன்பது ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வர வேண்டும். பயண ஏற்பாடெல்லாம் பள்ளியுடையது. தங்குவது எங்கள் வீட்டில்.

முதல் வகுப்புப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் உங்களைக் கத்தரித்துவிட்டார்கள். ஆனால் லூட்விகாவின் தோளில் உங்கள் கை அப்படியே இருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் உங்களைத் தேட ஆரம்பித்தேன். கத்தரித்த துண்டு எங்கே என்று நேற்று அம்மாவைக் கேட்டேன். ஜெபப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். முப்பத்து நான்கு வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறது. புத்தகத்தில் முழுப்படமாகப் போடலாம், கொடு என்றேன். தர மாட்டேன் என்கிறாள். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டதைக் கீழே அப்படியே தருகிறேன். திருத்தக் கூடாது என்று உத்தரவு.

“போலா, வெட்டினதும் நான்தான். மூடி ஒட்டினதும் நான்தான். வேற யாரையும் கேக்காத. உன் ரெண்டு கடிதாசியும் வந்துச்சு. துண்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. பழையபடி சேத்து ஒட்டலாம்னா எனக்குக் கண்ணு தெரியல, ஓரம் பொருந்த மாட்டேங்குது. நீதான் வரணும்.”

உங்கள் வரவை எதிர்நோக்கி, உங்கள் கைகளை முத்தமிட்டு வணங்கும்,
போக்னா